சம்பத் கொடுத்த மாத்திரை

செங்கல்பட்டு பஜாரில் தார்ப்பாயும் கயிறும் விற்றுக்கொண்டிருந்த நூர்முகமது பாய்க்கு ஐம்பது தாண்டிய கொஞ்ச நாளில் நெஞ்சுவலி வந்தது. கடைவாசலில் ஒரு லாரிக்காரருக்குத் தார்ப்பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். லாரிக்காரர் நல்ல மனுஷன். பாயைத் தார்ப்பாயோடு சேர்த்துத் தூக்கி லாரியில் போட்டு, நேராக மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாய் பிழைத்து வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை அவருக்கே கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இளகி ஓடுவதற்கான மாத்திரை அது. கொஞ்சம் குறைந்தால் அடைப்பு, கொஞ்சம் கூடினால் ரத்தப்போக்கு. அதனால் மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும், வேறு எந்த மருந்தையும் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். உள்ளூரில் டாக்டர் உலகநாதன் சோதனை முடிவைப் பார்த்து, மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்வார்.

பாயின் மனைவி பதருன்னிசா தினமும் மாலை மக்ரிப் தொழுகை முடிந்ததும் அந்த மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பாள். அவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு போவாள்.

"இன்னா பதரு, சின்னப் புள்ளையா நானு?" என்பார் பாய்.

"சின்னப் புள்ளைன்னா நம்பிடுவேன். உங்களத்தான் நம்ப முடியல."

அந்த வருஷம்தான் சம்பத் பழக்கமானார். கோயம்புத்தூர்க்காரர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலையில் டிராஃப்ட்ஸ்மேனாக வந்து, மனைவி அமிர்தவல்லியோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடலையே அதுவரை பார்த்திராத மனிதர். பார்த்ததும் அவருக்கு வந்த முதல் ஆசை தூண்டில் போட வேண்டும் என்பது. நல்ல நரம்புக் கயிறு செங்கல்பட்டில்தான் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, பாய் கடைக்கு வந்தார்.

"எந்த மீனுக்கு சார்?" என்று கேட்டார் பாய்.

"எந்த மீன் வருதோ அதுக்குத்தானுங்க."

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருடைய தாய்மாமன் வீடு கல்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் இருந்தது. சிறுவயதில் லீவெல்லாம் அந்தக் கடற்கரையில்தான் கழிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பத்தை அங்கே கூட்டிக்கொண்டுபோய், தூண்டிலை எப்படி வீசுவது, இரை கடிபடும்போது நரம்பு விரலில் எப்படித் துடிக்கும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தார். அதன்பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இருவரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சம்பத் வீட்டில் மீன் சமைப்பதில்லை, அவரும் சாப்பிடுவதில்லை. "எனக்கு மீன் பிடிக்காதுங்க பாய், மீன் பிடிக்கறதுதான் பிடிக்கும்" என்பார். அகப்பட்டதெல்லாம் பதருன்னிசாவுக்குத்தான் போகும்.

ஒருநாள் சம்பத், பாயின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"பாய், உங்க கண்ணு இமைக்கு மேல மஞ்சளா ஒண்ணு இருக்குதே, எத்தன நாளா இருக்குது?"

"அதுவா? ரொம்ப நாளா கீது. வலியும் இல்ல, ஒண்ணியும் இல்ல."

"எனக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. ஆபீஸ் டாக்டர் பாத்துட்டு ரத்தத்தச் சோதிச்சாரு. கொலஸ்ட்ரால் கண்டபடி ஏறிக் கெடந்துச்சு. கொலஸ்ட்ரால்னா ரத்தத்துல கொழுப்பு. அதுதானுங்க குழாயில பாசி பிடிக்கிற மாதிரி போய் ஹார்ட்ட அடைக்குது. ஒரு மாத்திரை குடுத்தாரு. இப்ப நல்லா எறங்கீருச்சு."

குழாயில் பாசி என்றதும் பாய் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். தார்ப்பாய் மேல் சாய்ந்த அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. அன்று மாலை பஸ் ஏறும்வரை அவர் கண்ணிமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துச் சம்பத்துக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது சட்டைப்பையில் ஒரு சீசா கொண்டுவந்தார். உள்ளே எண்ணெய் நிரம்பிய உருண்டை மாத்திரைகள், வெயிலில் பிடித்தால் தேன் நிறத்தில் மின்னின.

"எங்கிட்ட ரெண்டு சீசா சேர்ந்துபோச்சுங்க. ஒண்ண நீங்க வச்சுக்கோங்க. சாப்பாட்டுக்கு அப்பறம் போட்டுக்கோணும். உங்களுக்கு ஹார்ட் மாத்திரை ஏதோ குடுத்திருக்காங்கல்ல, அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"உன் ஆபீஸ்ல இன்னா சொல்லுவாங்க சம்பத்து? உனக்குக் குடுத்தத எனக்குக் குடுத்தா?"

"தெரிஞ்சா சத்தம் போடுவாங்க. யாருக்குங்க தெரியப்போகுது?"

பாய்க்குக் கண் கலங்கியது. தன் மருந்தை எடுத்துக் கொடுக்கிற சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்? வீட்டில் சொன்னால் பதருன்னிசா ஆயிரம் கேள்வி கேட்பாள். டாக்டர் காதுக்குப் போகும். அங்கிருந்து சம்பத்தின் ஆபீஸுக்குப் போனால் அவர் வேலைக்கே பேஜாராகிவிடும். சீசாவைக் கடையில் மணிலாக் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் வைத்தார். மத்தியானம் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை முடித்ததும் ஒன்று போட்டுக்கொள்வார்.

போட ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குழாயில் பாசி கரைவது தனக்கே தெரிவதாக நினைத்துக்கொண்டார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த மாதம் ரத்தச் சோதனைக்கும் போகவில்லை. "கடையில வேலை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று பதருன்னிசாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சில வாரம் போனது. காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. பல்பொடி மாறியிருக்கிறது என்று நினைத்தார். தொடையில் ஓரிடம் கருநீலமாகக் கன்றியிருந்தது. கயிற்று மூட்டையில் இடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். காரணம் தேடினால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கத்தானே செய்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் நல்ல காற்று. சம்பத்தின் தூண்டிலில் ஒரு பெரிய கிழங்கான் மாட்டியது. அதை விடுவிக்க பாய் கை வைத்தபோது மீன் துள்ள, கொக்கி அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மீன்காரர்களுக்கு அது கொசுக்கடி மாதிரி. பாயும் கொக்கியைப் பிடுங்கிவிட்டு விரலைக் கடல்நீரில் அலம்பினார். ரத்தம் நிற்கவில்லை. மண்ணை வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. சம்பத் தன் கைக்குட்டையைச் சுற்றினார், அது நனைந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுற்றினார்கள். அதுவும் சிவந்துகொண்டே வந்தது.

"என்னங்க பாய் இது, இத்தனூண்டு காயத்துக்கு?"

"கடல் தண்ணி பட்டுச்சில்ல, அதான்" என்றார் பாய். ஆனால் குரல் உள்ளே போயிருந்தது.

சம்பத் அவரைத் தனியாக பஸ் ஏற்ற மனமில்லாமல் தானும் ஏறினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது துண்டின் முனையிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. முன்சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்து, "ஐயோ, இன்னாச்சு பெரியவரே?" என்றாள். "மீன் கட்ச்சிடுச்சும்மா" என்றார் பாய். அவளுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும் பதருன்னிசா கூச்சல் போடவில்லை. ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றச் சொன்னாள். முழங்கைக்கு மேலே இரண்டு இடத்தில் நீலம். விலாவில் ஒன்று. அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். வேறு சட்டையைப் போட்டுவிட்டு, தெருமுனையில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள். சம்பத் பின்னாலேயே வேகமாக நடந்து வந்தார்.

ஞாயிறு சாயங்காலம் டாக்டர் உலகநாதன் கிளினிக் திறப்பதில்லை. வீடும் கிளினிக்கும் ஒன்றுதான் என்பதால் கதவைத் தட்டியதும் வந்துவிட்டார். சம்பத் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் விரலைப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஈறைப் பார்த்தார். நீலங்களைப் பார்த்தார். மூத்திரம் சிவப்பாகப் போகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, தலைவலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் எடுத்து, கம்பவுண்டரை வரவழைத்து, ஞாயிறும் திறந்திருக்கும் அரசு ஆஸ்பத்திரி லேபுக்குக் கொடுத்தனுப்பினார்.

"தலைவலி மாத்திரை, ஜலதோஷ மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா பாய்?"

"இல்ல டாக்டர்."

"நாட்டு மருந்து? லேகியம்?"

"ஒண்ணியும் இல்ல."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாகப் பதருன்னிசா பக்கம் திரும்பினார்.

"அம்மா, மாத்திரை நீங்கதானே கொடுக்கறீங்க?"

"ஆமாங்க. என் கையாலதான்."

"கோபப்படாதீங்க. மறந்துபோய் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கொடுத்திருப்பீங்களோ? இல்ல, ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு? எந்த வீட்லயும் நடக்கறதுதான்."

பதருன்னிசா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. போன வாரம் மகள் சுராயா திருச்சியிலிருந்து குழந்தைகளோடு வந்திருந்தாள். வீடு நிறைய சத்தம். அன்றைக்கு எப்போது கொடுத்தோம்? ஒருமுறையா? அடுப்பில் பால் பொங்கியதே, அதற்கு முன்னாலா, பின்னாலா? அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலீங்களே டாக்டர்" என்றாள். "இல்லன்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியமா சொல்லத் தெரியல."

முந்தானையின் ஓரத்தை அவள் விரல்கள் முறுக்கின. இருபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவள் ஒரு விஷயத்தைத் தெரியாது என்று சொல்லி நூர்முகமது பாய் கேட்டதில்லை. உயர்த்திப் பிடித்திருந்த கையைக் கீழே போட்டுவிட்டார்.

"டாக்டர், அவ மேல தப்பில்ல."

"கையைத் தூக்குங்க பாய்."

"தூக்கறேன். அவ சரியாத்தான் குடுத்தா. நான்தான் வேற ஒரு மாத்திரை துன்னுகினு இருந்தேன். கொழுப்புக்கு."

"கொழுப்புக்கா? கொலஸ்ட்ராலுக்கா? என்ன மாத்திரை? யார் எழுதிக்கொடுத்தாங்க?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது."

"யார் கொடுத்தாங்க?"

பாய் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். ஆனால் கண் ஒருமுறை வாசல் பக்கம் போய்த் திரும்பியது. பதருன்னிசா அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வெளியே போனாள்.

பெஞ்சில் சம்பத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வேட்டியிலும் ரத்தக் கறை.

"தம்பி, கொழுப்புக்கு மாத்திரை குடுத்தியா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே சம்பத் சட்டென்று எழுந்து நின்றார்.

"குடுத்தேனுங்க அக்கா."

"உள்ள வந்து சொல்லு."

சம்பத் உள்ளே வந்ததும் பாய் பதறிப்போனார். "அவரு ஒண்ணியும் குடுக்கல டாக்டர். நானா வாங்கினேன். சம்பத்து, நீ போ, பஸ் போயிடும்."

"பஸ் கெடக்குதுங்க பாய்" என்றார் சம்பத். டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னார். தனக்கு ஆபீஸ் டாக்டர் கொடுத்தது, மிச்சத்தைத் தான்தான் கொண்டுவந்து கொடுத்தது, எப்போதிலிருந்து என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

டாக்டர் உலகநாதன் பெருமூச்சு விட்டார். ஆத்திரமா ஆறுதலா என்று சொல்ல முடியாத பெருமூச்சு. "பாய் ரத்தம் இளகற மாத்திரை சாப்பிடறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஹார்ட் மாத்திரைன்னு மட்டும்தானுங்க தெரியும்."

"இவரு சாப்பிடற மாத்திரையோட உங்க மாத்திரை சேர்ந்தா, இதோட வேகம் கூடிப்போயிடும். பதருன்னிசா அம்மா தினம் ஒண்ணுதான் கொடுத்தாங்க. உடம்புக்குள்ள அது ரெண்டு மாதிரி வேலை செஞ்சிருக்கு. ஒண்ணு ஒண்ணும் நல்ல மருந்துதான். யாருக்கும் தெரியாம சேர்ந்ததுதான் வம்பு. இன்னிக்குக் கட்டைவிரல்ல வந்துச்சு, கண்ணால பாத்தோம். இதே தலைக்குள்ள வந்திருந்தா?"

பாய் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். வெளியே ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது.

லேபிலிருந்து பதில் வந்தது. ரத்தம் உறைய எடுத்துக்கொண்ட நேரம், இருக்க வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு. டாக்டர் ஊசி போட்டார். ரத்தம் உறைவதற்கு உதவுகிற வைட்டமின் என்றார். இரண்டு மாத்திரையும் இப்போதைக்கு வேண்டாம், எதை எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று நான் சொல்கிறேன் என்றார். பின்பக்கத்து அறையில் கட்டில் இருந்தது. அதில் பாயைப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரலில் கசிவு நின்றது. பதருன்னிசா விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாத்துக்கு வந்து சொன்ன சம்பத்து?" என்று முணுமுணுத்தார் பாய். "உன் வேலைக்கு இன்னா ஆவுமோ."

"வேலை போனா வேற வேலைங்க. பொள்ளாச்சில எங்க மாமன் தேங்கா மண்டி இருக்குது. நீங்க போயிருந்தா நான் யாருகூடங்க போய் உக்காருவேன்?"

டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "நான் யாருக்கும் சொல்லப் போறதில்லை. ஆனா நீங்களே உங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அடுத்த தடவை அவர் எத்தனை மாத்திரை கொடுக்கணும்னு அவருக்குத் தெரியணும்." பிறகு சம்பத் எழுந்து நிற்கும்போது முகம் சுளித்ததைக் கவனித்து, "காலுக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. கெண்டைக்கால் ரெண்டும் கொஞ்ச நாளா வலிக்குது. மணல்ல நடக்கறதால இருக்கும்."

"அந்த மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறமா?"

சம்பத் யோசித்தார். "ஆமாங்க. அப்படித்தான் வருது."

"கடைசியா எப்ப ரத்தம் பாத்தீங்க?"

சம்பத் மீண்டும் யோசித்தார். "அது ஆச்சுங்க ரொம்ப நாளு" என்றார்.

"சிலருக்கு இந்த மருந்து சதையில வலி கொடுக்கும். நாளைக்கே போய்ச் சொல்லுங்க. ஊருக்கு வைத்தியம் பாக்கறதுக்கு முன்னால உங்க காலைப் பாருங்க" என்றார் டாக்டர்.

பதருன்னிசாவுக்கு அத்தனை கலக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பாய் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. கஞ்சி கொடுத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள், அவ்வளவுதான். கடைசியில் அவரே, "திட்டேன் பதரு" என்றார்.

"எதுக்குத் திட்டணும்? மருந்து துன்னதுக்கா? அது ஆசை. உசுரு மேல ஆசை யாருக்கு இல்ல? அந்தத் தம்பியக் காட்டிக் குடுக்காததுக்கா? அது நல்ல குணம். ஆனா டாக்டர் என்னையக் கேட்டாரே, அந்த நேரம் என் கையையே நான் சந்தேகப்பட்டேன். நான்தான் உங்கள சாவடிக்கப் பாத்தேனோன்னு. அத மட்டும் என்னால மறக்க முடியல."

பாய் எழுந்து உட்கார்ந்தார். அவளுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள், "சரி விடுங்க, கஞ்சி ஆறுது" என்றாள்.

அடுத்த ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, விசாரித்தவர்களிடமெல்லாம் பாய் நடந்ததை அப்படியே சொன்னார். "என் சம்சாரம் குடுத்ததுல ஒரு தப்பும் இல்ல. நான் திருட்டுத்தனமா துன்னேன், மாட்டிக்கினேன்." யாருடைய மாத்திரை என்று மட்டும் சொல்லவில்லை. அதைக் கேட்டு ஜெயினுலாபுதீன் என்கிற ஜவுளிக்கடைக்காரர் முகம் மாறினார். தன் மாமியாருடைய மூட்டுவலி மாத்திரையை அவர் ரொம்ப நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலமே உலகநாதன் கிளினிக்கில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு.

பாயின் ரத்தம் சரியாக வந்ததும் டாக்டர் வெள்ளை மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். இந்த முறை கொலஸ்ட்ராலையும் அளந்து பார்த்தார். சம்பத் கண்ணால் பார்த்துச் சொன்னது பொய்யில்லை, அதிகமாகத்தான் இருந்தது. "அப்போ அந்த மாத்திரை எனக்கும் வேணுமா?" என்று பாய் பயந்துகொண்டே கேட்டார்.

"வேணுமா வேணாமான்னு அவசரமில்லாம பாக்கலாம். முதல்ல நெய்யைக் குறைங்க, பீடியை விடுங்க, கடைக்கு நடந்து போங்க. மீனை வறுக்காம குழம்பு வைக்கச் சொல்லுங்க. அதுக்கும் இறங்கலைன்னா தர்றேன். தர்றதா இருந்தா வெள்ளை மாத்திரையைப் பாதியாக்கித்தான் தருவேன். வாரா வாரம் ரத்தம் பாப்பேன். ஒண்ணை ஒண்ணு தெரிஞ்சுகிட்டு ரெண்டும் ஒரு உடம்புல இருக்கலாம். தெரியாமத்தான் இருக்கக் கூடாது."

பீடியை விட்டது பெரிய கதை. நெய்யை விட்டது அதைவிடப் பெரிய கதை. பெருநாள் பிரியாணியின் மணம் வந்தபோது பாய் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். சில மாதம் கழித்துச் சோதித்தபோது கொழுப்பு இறங்கியிருந்தது. போதாது என்று டாக்டர் சொன்னார். சொன்னபடியே வெள்ளை மாத்திரையைக் குறைத்து, தேன் நிற மாத்திரையை அவரே எழுதிக்கொடுத்தார். வாரா வாரம் ரத்தம் பார்த்து, அளவு ஓரிடத்தில் நிலைத்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். ஈறில் ரத்தம் வரவில்லை. உடம்பில் நீலம் வரவில்லை.

பதருன்னிசா மட்டும் எதையும் சும்மா விடாதவளாகிவிட்டாள். பாய் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் போய்ச் சொல்வாள். ஒருமுறை அவர் கல்யாண வீட்டில் அல்வா சாப்பிட்டதையும் சொன்னாள்.

"அல்வா மருந்தில்லையேம்மா" என்றார் டாக்டர்.

"தெரியுங்க. ஆனா எவ்ளோ துன்னாருன்னு உங்களுக்குத் தெரியாது."

சம்பத் தன் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். அவர் நன்றாகச் சத்தம் போட்டார், அதோடு சரி. சம்பத்தின் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார். கால் வலி போய்விட்டது. பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்து, தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாதம் ஒரு திங்கட்கிழமை சம்பத் அங்கேயும் பாய் இங்கேயும் ரத்தம் கொடுப்பார்கள். அடுத்து சந்திக்கும்போது, "எவ்ளோ?" "உனக்கு எவ்ளோ?" என்று பரீட்சை மார்க் மாதிரி கேட்டுக்கொள்வார்கள். கொழுப்பு கூடுதலாக வந்தவர் டீ வாங்கித் தர வேண்டும். சர்க்கரை கம்மியாக.

மழைக்காலம் முடிந்து, வெயில் இதமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்தாரும் மாமல்லபுரம் போனார்கள். அமிர்தவல்லி எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பதருன்னிசா எண்ணெய் குறைத்துச் செய்த இறைச்சியைத் தனி டப்பாவில் கொண்டுவந்து, அமிர்தவல்லிக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். கடற்கோயிலுக்குப் பக்கத்தில் சவுக்கு நிழலில் துணி விரித்துச் சாப்பிட்டார்கள். ஆண்கள் இருவரும் அலையோரம் நடந்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். பெண்கள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீங்க கோயம்புத்தூர் பாத்ததே இல்லீங்களா?" என்றாள் அமிர்தவல்லி.

"திருச்சியத் தாண்டினது இல்லம்மா."

"அப்ப மாசி மாசம் எங்க ஊர்ல கோயில் நோம்பி வருது, தேரெல்லாம் ஓடும். நாலு பேரும் ரயிலேறுவோம். வருவீங்கல்ல?"

பதருன்னிசா கடலைப் பார்த்தாள். தூரத்தில் பாயும் சம்பத்தும் ஏதோ வாதம் செய்துகொண்டே நடந்தார்கள். பாய் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். ஒரு அலை வந்து அவர் லுங்கியை நனைத்தது. அவர் துள்ளி விலகுவது இங்கிருந்தே தெரிந்தது.

"வரேன்" என்றாள். "அங்க குளிருமா? அவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுக்கணும்."